வேன் முகப்பில் ஒரு கொளுக்கி

வாகனம் எதுவானாலும் அதன் பொனட்டைத் திறப்பதற்கு முன் அவர் பக்கக் கண்ணாடியில் தலை வாருவார். வெளுத்த வெள்ளைச் சேர்ட், மடித்துக் கட்டிய சாரம், பையில் ஒரு சீப்பு, கழுத்தில் வயரோடு தொங்கும் சின்ன பல்ப் ஒன்று. கரண்ட் ஓடுகிற இடத்தில் வைத்தால் அந்தப் பல்ப் எரியும், ஓடாத இடத்தில் எரியாது. அவருடைய வேலையில் பெரும்பகுதி அந்தப் பல்பை வைத்துத்தான். வெளியூர் ஆட்கள் வந்து, அவரிடமே "எலக்ட்ரீசியன் எங்க?" என்று கேட்டிருக்கிறார்கள். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைதான். வாகன வேலை செய்கிறவன் கிறீஸ் பூசிக்கொண்டு நிற்கவேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று என்னிடம் கேட்பார்.

ஆரையம்பதியில் பிரதான வீதியோரம் எனக்கு மோட்டார் உதிரிப்பாகக் கடை. அடுத்த வளவில் அவருடைய தகரக் கொட்டில். நடுவில் ஒரு வேலி, வேலியில் ஆள் நுழையுமளவுக்கு நானே பிய்த்த ஒரு பொட்டு. பியூஸும் வயரும் வாங்க அவர் அதற்குள்ளால் வருவார். பேச்சுத்துணைக்கு நான் அதற்குள்ளால் போவேன். பேசாத மனிதர் இல்லை அவர். மீன் விலை, மழை, தயிரில் தண்ணீர் கலப்பது, பஸ்காரர்கள் ஹோர்ன் அடிப்பது எல்லாம் பேசுவார். ஆனால் அவருடைய கதைகளில் ஆட்கள் இருக்கமாட்டார்கள். ஒருமுறை ஏதோ ஓர் அரிசி ஆலையில் மோட்டர் எரிந்த கதையைச் சொன்னார். எந்தச் சுருளில் புகை வந்தது, என்ன மணம் மணத்தது, எவ்வளவு சாம்பல் என்று எல்லாம் வந்தது. எரித்தவன் மட்டும் வரவில்லை.

எனக்கோ யார் என்று தெரியாவிட்டால் சோறு இறங்காது. ஊரில் மதில் ஒன்று இடிந்தால் இடித்தது யார், கோயில் வாசலில் செருப்பு மாறினால் மாற்றியது யார் என்று விசாரிக்காமல் எனக்கு இருக்க முடியாது. கடை வைத்திருக்கிறவனுக்கு அது ஒரு குறையுமில்லை. ஒருநாள் வேலிப்பொட்டுக்குள்ளால் ஓர் ஆடு புகுந்து, மேசையில் இருந்த என் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டுப் போயிருந்தது. அவர் கொட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"ஆர்ட ஆடு?" என்று கேட்டேன்.

"வெள்ளை ஆடு" என்றார்.

"வெள்ளையெண்டு எனக்கும் தெரியும். ஆர்ட?"

"அது சோத்தைத் திண்டிற்று. அவ்வளவுதான். இஞ்ச வாங்க, என்ட சோத்தில பாதி இருக்கு."

பாதிச் சோற்றைத் தின்றேன். ஆட்டுக்காரனை இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை.

வேலையிலும் இதே கதைதான். வாகனம் வந்ததும் இரண்டு கேள்வி கேட்பார். ஒன்று, எப்ப? இரண்டு, எங்க? எப்போது கோளாறு வருகிறது, ஓடும்போதா, நிற்கும்போதா, மழைக்கா, வெயிலுக்கா. எங்கே வருகிறது, பள்ளத்தில் விழும்போதா, வளைவிலா. அதற்குமேல் பல்பைக் கழற்றிக்கொண்டு இறங்கிவிடுவார். யார் கைவைத்தது என்று கேட்கமாட்டார், தெரிந்தாலும் சொல்லமாட்டார். கலியாண மாப்பிள்ளையை ஏற்றப்போன கார் ஒன்று தானாக ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்து நின்றது. பூச்சரம் கட்டுவதற்காக யாரோ அடித்த ஆணி வயரைக் குத்தியிருந்தது. மாப்பிள்ளையின் தகப்பன், "ஆர் இந்த வேல பார்த்த?" என்று துள்ளினார். இவர் ஆணியைப் பிடுங்கி அவருடைய கையில் வைத்து, "இதுதான்" என்றார். "அடிச்சது ஆர் எண்டு கேக்கிறன்." "சுத்தியல்." கூட்டம் சிரித்தது, தகப்பனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, கார் போய்விட்டது.

இதற்கு ஊரில் ஒரு விளக்கம் இருந்தது. சரியாகச் சொன்னால் இரண்டு. பிரச்சினைக் காலத்தில் ஆமிக்காரர்கள் ஊரையே பள்ளிக்கூட மைதானத்தில் குந்தவைத்து, சாக்கால் முகத்தை மூடிய ஓர் ஆளை முன்னால் கொண்டுவந்து நிறுத்துவார்கள். வரிசையாக எல்லோரும் அவனுக்கு முன்னால் நடக்கவேண்டும். அவன் தலையாட்டினால் அந்த ஆள் வீட்டுக்குத் திரும்பமாட்டான். அப்படி ஒரு தலையாட்டலில் இவருடைய தம்பி போய்விட்டான் என்று சிலர் சொன்னார்கள். வேறு சிலர், அந்தச் சாக்குக்குள் ஒருநாள் நின்றது இவர்தான் என்றார்கள். இரண்டையும் சொன்னவர்கள் கண்ணால் கண்டவர்கள் இல்லை. எல்லாவற்றுக்கும் யார் என்று கேட்கிற நான் இதை மட்டும் அவரிடம் கேட்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

அவருடைய இந்தக் குணம் எல்லா நேரமும் சிரிப்பாக முடியவில்லை. படுவான்கரைப் போடியார் ஒருவரின் உழவு இயந்திரம் ஸ்டார்ட் ஆகவில்லை என்று கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். வாவிக்கு மேற்கே இருக்கிற வயல் ஊர்களைத்தான் நாங்கள் படுவான்கரை என்போம், அங்கத்தைய பெரிய வயல்காரரைப் போடியார் என்போம். விதைப்பு நேரம், போடியார் கொதித்துக்கொண்டு நின்றார். இவர் ஒருதரம் குனிந்து பார்த்துவிட்டு, "இது உங்கட பற்றரி இல்ல. புதுச எடுத்திற்றுப் பழசு வச்சிருக்கு" என்றார். எடுத்தது யார் என்று போடியார் கேட்டார். இவர் பல்பின் வயரைச் சுருட்டிக் கழுத்தில் போட்டார். போடியார் உழவு இயந்திரம் ஓட்டுகிற மூர்த்தியைத் திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான், மூர்த்திக்கு வேலை போய்விட்டது. கள்ளன் என்ற பெயர் வேறு.

அடுத்த நாள் மூர்த்தி கொட்டிலுக்கு வந்தான். போடியாருடைய மருமகனின் பிக்கப் முந்தின நாள்தான் இதே கொட்டிலில் நின்றது. அதில் புத்தம்புதுப் பற்றரி இருந்ததை இவர் பார்த்திருந்தார். அந்தப் பிக்கப்புக்குப் பியூஸ் கொடுத்தது நான்தான், ஆனால் பொனட்டுக்குள் பார்த்தது அவர் மட்டும். மூர்த்திக்கும் அது எப்படியோ காதில் விழுந்திருந்தது.

"அண்ணன், உங்களுக்குத் தெரியும். நீங்க ஒரு சொல்லுச் சொன்னாக் காணும்" என்றான்.

அவர் ஒரு வயரின் தோலைச் சுரண்டிக்கொண்டிருந்தார். சுரண்டி முடிந்ததும் அடுத்த வயரை எடுத்தார். மூர்த்தி நின்றான், நின்றான், பிறகு போய்விட்டான். சில நாளில் கொழும்புக்குப் பஸ் ஏறியவன், தாயின் செத்தவீட்டுக்குத்தான் ஊர்ப்பக்கம் வந்தான். அதற்குள் மருமகன் குடித்துவிட்டுத் தன் வாயாலேயே உளறி, கதை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. செத்தவீட்டில் மூர்த்தி எல்லோருக்கும் கைகொடுத்தான், இவருக்குக் கொடுக்கவில்லை.

மூர்த்தி பஸ் ஏறிய அன்று நான் அவரோடு சண்டை பிடித்தேன். "நீங்க வாயத் திறந்திருந்தா அந்தப் பொடியன் ஊரில இருந்திருப்பான்" என்றேன். அவர் என்னைப் பார்க்காமல், "திறந்தாலும் ஓராள் போகத்தான் செய்வான்" என்றார். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. கொஞ்ச நாள் அந்த வேலிப்பொட்டுக்குள்ளால் போகாமலே இருந்தேன். அவரும் பியூஸ் வாங்க வீதியால் சுற்றிக்கொண்டு வந்தார்.

இனி நேசனுடைய வேன் கதை. அவரை நினைக்கும்போது எனக்கு முதலில் வருவது இதுதான்.

நேசன் எனக்கு மச்சான் முறை. கத்தாரில் இருந்து வந்து ஒரு வேன் வாங்கி, படுவான்கரைப் பள்ளிக்கூடங்களுக்கு ஆசிரியர்களை ஏற்றி இறக்கினான். விடியமுன் பாலம் தாண்டவேண்டும். மாரியில் அந்த நேரம் வயல் வீதியில் இருட்டு, பனி, சில நாளில் யானை. வேனோடு வந்த ஹெட்லைட் மெழுகுதிரி மாதிரி எரிகிறது என்று ஆசிரியைகள் முறைப்பட்டார்கள். அதனால் வெள்ளை வெளேரென்று அடிக்கிற எல்.ஈ.டி. லைட் போட்டான். போட்டுக் கொடுத்தது காத்தான்குடி றிஸ்வான். நேசனும் றிஸ்வானும் கத்தாரில் ஒரே அறையில் கிடந்தவர்கள், ஒரே சட்டியில் சாப்பிட்டவர்கள். றிஸ்வான் திரும்பிவந்து வாகன லைட் கடை போட்டபோது முதல் வாடிக்கை நேசன்தான்.

லைட் நன்றாகத்தான் எரிந்தது. பிறகு வினோதங்கள் தொடங்கின. இடதுபக்க சிக்னலைப் போட்டால் ஹெட்லைட் அதோடு சேர்ந்து மினுங்கும். பிரேக்கை மிதித்தால் ரேடியோ இரையும். ஒருநாள் லைட் பாதியாக மங்கும், அடுத்த நாள் சுத்தமாக அணையும். றிஸ்வான் ஆரையம்பதிக்கே வந்து திறந்து, துடைத்து, இறுக்கிவிட்டுப் போவான். சில நாள் ஒரு தொந்தரவும் இராது. திரும்பவும் பழையபடி. இப்படி அவன் வருவதும் போவதுமாகவே இருந்தது. நேசன் முதலில் பகிடியாகத்தான் பேசினான். பிறகு மலிவுச் சாமானைத் தலையில் கட்டிவிட்டான் என்று பேசினான். பிறகு பேசாமல் விட்டான். அந்தப் பேசாமைதான் எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை விடியற்புறம் வயல் நடுவே லைட் அணைந்தது. வேனுக்குள் ஆசிரியைகள் அவ்வளவு பேரும். முன்னால் வீதியில் கறுப்பாக ஏதோ நின்றது, அசைந்தது. யானை. அது தன்பாட்டில் இறங்கி வயலுக்குள் போகும்வரை ஒருத்தரும் மூச்சுக்கூட விடவில்லையாம். இனி அந்த வேனில் ஏறமாட்டோம் என்று அன்றே சொல்லிவிட்டார்கள். நேசன் வேனைக் கொண்டுவந்து கொட்டிலில் விட்டான். கண் இரண்டும் சிவந்திருந்தது.

"இத ஒருக்காப் பாருங்க அண்ணன். அவன்ட வேலதான் எண்டு நீங்க ஒரு சொல்லுச் சொல்லுங்க. நான் காத்தான்குடிக்குப் போய் அவன்ட கடை வாசலில வச்சுக் கேக்கிறன்."

ஆரையம்பதி தமிழ் ஊர், காத்தான்குடி முஸ்லிம் ஊர், இரண்டும் ஒட்டிக்கிடக்கின்றன. எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்பதிலேயே வழக்குகள் இருந்திருக்கின்றன. ஓர் ஊர்க்காரன் மற்ற ஊர்க் கடை வாசலில் நின்று கத்தினால், இரண்டு பேருடைய கோபம் அந்த இரண்டு பேரோடு நிற்கும் என்று யாரும் உத்தரவாதம் தரமாட்டார்கள். நேசனுக்கும் அது தெரியும். தெரிந்தே சொன்னான்.

அவர் தலைவாரி முடித்துவிட்டு வந்தார்.

"எப்ப?"

"இப்பதான் விடிய."

"அதுக்கு முதல்?"

நேசன் யோசித்தான். "அதுக்கு முதலும் திங்கள்தான் போல. அவன் செவ்வாயில வந்து இறுக்குவான். வெள்ளி வரைக்கும் நல்லா இருக்கும். சனி ஞாயிறு நான் வேன் எடுக்கிறல்ல. திங்கள் எடுத்தாத் தொடங்கிரும்."

"எங்க?"

"பாலம் தாண்டி, கிறவல் றோட்டில ஏறினதும்."

அவர் தலையாட்டினார். பற்றரியின் மைனஸில் இருந்து தனியே ஒரு வயரை இழுத்துவந்து லைட்டின் பின்னால் பிடித்தார். இரண்டு லைட்டும் பளிச்சென்று எரிந்தன. "வாற கரண்டுக்குப் போக வழி இல்ல. எர்த்து சரியில்ல. அதுதான் சிக்னலுக்குள்ளாலயும் ரேடியோவுக்குள்ளாலயும் புகுந்து ஓடப் பாக்கிது" என்றார். லைட்டில் ஒரு பிழையும் இல்லை என்றும் சொன்னார். நேசன் அதைக் காதில் போட்டதாகத் தெரியவில்லை. தேத்தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி வீதிக்கு அப்பால் போனான்.

நான் பக்கத்தில் நின்றேன். அவர் வேன் முகப்பில் குந்தி, மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். எர்த்து வயரை றிஸ்வான் முன்சட்டத்தில் ஒரு நட்டின் கீழ் வைத்து இறுக்கியிருந்தான். அதே நட்டின் கீழ் இன்னொரு கம்பியும் வளையம் போட்டு மாட்டியிருந்தது. அந்தக் கம்பியின் மறுமுனையில் வேன் முகப்புக்கு வெளியே தேசிக்காயும் கொச்சிக்காயும் தொங்கின. கண்ணூறு படாமல் இருக்க எல்லா வாகனத்திலும் தொங்குகிற எலுமிச்சையும் மிளகாயும்தான். நட்டைச் சுற்றித் தேசிப்புளி ஊறிப் பச்சையாகக் களிம்பு கட்டியிருந்தது. தொட்டதும் நட்டு ஆடியது. நட்டின் தலையில் ஒரு சந்தனப்பொட்டு. பொட்டில் விரல் ரேகை தெரிந்தது, சின்ன விரல்.

எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. நேசனின் மனைவி சாந்தி வெள்ளிக்கிழமை தோறும் முழுகிவிட்டு வந்து பழைய தேசிக்காயைக் கழற்றிப் புதியது கட்டுவாள். முன்பெல்லாம் நூலில்தான் கட்டினாள். வாவிக்காற்றின் உப்பில் நூல் இற்றுப்போகும். ஒருமுறை நூல் அறுந்து தேசிக்காய் விழுந்த அன்றே வேன் ஓர் எருமையில் போய் மோதியது. அதற்குப் பிறகுதான் கம்பி. கம்பியை மாட்ட அவளுக்குத் தோதாகக் கிடைத்தது அந்த நட்டு. நேசனுடைய ஸ்பானரை எடுத்து வாரம் ஒருதரம் கழற்றுவாள், பெண்பிள்ளை கைப்பலத்தில் பூட்டுவாள். திங்கட்கிழமை கிறவல் வீதிக் குலுக்கத்தில் அது தளரும். தன் புருஷனுக்கு ஒன்றும் வந்துவிடக்கூடாது என்றுதான் அவ்வளவும் செய்தாள். நேசனோ அந்த வேனில் எவரும் கைவைத்தால் ஆய்க்கினை பண்ணுகிறவன். கை நீட்டவும் தயங்கமாட்டான். அது ஊருக்குத் தெரியும்.

"சாந்தி..." என்று நான் வாயெடுத்தேன்.

அவர் பெருவிரலால் அந்தச் சந்தனப்பொட்டை அழித்தார். விரலைச் சாரத்தில் துடைத்தார். "கடையில ஆக்கள் நிக்காங்க போல. போய்ப் பாருங்க" என்றார். கடையில் யாரும் நிற்கவில்லை. நான் வேலிப்பொட்டு வரை போய் நின்றுகொண்டேன்.

அவர் வேலையை முடித்தார். எர்த்து வயரை உள்ளே, கைபடாத இடத்தில் புதிதாகச் சுரண்டி இறுக்கினார். பழைய நட்டுக்கு மேல் டேப் சுற்றினார். பிறகு தடித்த கம்பி ஒன்றை எடுத்து ஒரு கொளுக்கியாக வளைத்து, முகப்புச் சட்டத்தில் தனியே பூட்டி, தேசிக்காயை அதில் மாட்டிவிட்டார். கழற்றவும் மாட்டவும் ஸ்பானர் தேவையில்லை. அவர் கொளுக்கியை ஒருதரம் ஆட்டிப் பார்த்துக்கொண்டு எழும்பும்போது நேசன் வந்துவிட்டான்.

"ஆர்ட வேல?"

"எர்த்து நட்டு கழண்டு கிடந்தது. இனி வராது."

"நட்டுப் பூட்டினது அவன்தானே?"

"அவன் சரியாத்தான் பூட்டியிருக்கான்."

"அப்ப ஆர் கழட்டின? பேயா?"

அவர் குறட்டைத் துடைத்தார். நேசன் வேனில் ஏறிச் சாவியைத் திருகினான். "நீங்க சொல்லமாட்டீங்க. எனக்குத் தெரியும். நான் காத்தான்குடிக்குப் போறன்" என்றான். என்ஜின் உறுமியது. அவருடைய முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மூர்த்தி வந்து நின்ற அன்றும் இதே முகம்தான். இந்த முறையும் பார்த்துக்கொண்டே இருக்கப்போகிறார் என்று எனக்கு அழுகை வரும்போல் கோபம் வந்தது. நானே போய்ச் சொல்லிவிடலாம் என்று ஓர் அடி வைத்தேன். சொன்னால் சாந்தியின் கதி என்ன என்று நினைத்து அந்த அடியோடு நின்றேன்.

அவர் வேன் கதவில் கைவைத்தார்.

"நான்தான்" என்றார்.

"என்ன?"

"லைட் போட்ட கையோட பற்றரி சார்ஜ் பண்ணக் கொண்டந்தாய்தானே. அப்ப நான்தான் அந்த நட்டைக் கழட்டினன். திருப்பிப் பூட்டக்குள்ள வாஷர் மாறிப் போட்டிட்டன். பிழையான வாஷர். எவன் எத்தின தரம் இறுக்கினாலும் அது கழரும். அவன்ட வேலயில பிழை இல்ல."

நேசன் இறங்கினான். ஆத்திரத்துக்கு ஓர் ஆள் கிடைத்துவிட்டது. அவருடைய சேர்ட் கொலரைப் பிடித்தான். வாயில் வந்த எல்லாவற்றையும் பேசினான். வீதியில் போனவர்கள் நின்றார்கள், ஓட்டோக்காரர்கள் இறங்கி வந்தார்கள். வேனுக்குள் இருந்த உயிர்களுக்கு அவர் பதில் சொல்வாரா என்று கேட்டான். அவர் கையைத் தூக்கவில்லை. நான் போய்ப் பிரித்துவிட்டேன். கொலரில் நேசனின் கைக்கறுப்பு அப்படியே பதிந்திருந்தது.

நேசன் காத்தான்குடிக்குப் போனான்தான். போய் றிஸ்வானைக் கட்டிப்பிடித்து மன்னிப்புக் கேட்டானாம். இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிட்டார்களாம். அடுத்த நாள் றிஸ்வான் கொட்டிலுக்கு வந்தான். சைக்கிளை விட்டு இறங்கவில்லை.

"அண்ணன், அதில கிடந்த வாஷர் நான் போட்டதான். மாறல்ல. ஒவ்வொரு தரமும் நான் கழட்டிப் பாத்த."

"சும்மா இரி தம்பி" என்றார் அவர். "கடையத் திறந்து போட்டுட்டு இஞ்ச என்ன செய்றாய்?"

றிஸ்வான் என்னைப் பார்த்தான். நான் வயர்ச் சுருளை எண்ணுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

அவன் போனபிறகு நான் அவரிடம் கேட்டேன். "ஏன் அப்படிச் சொன்னீங்க? உங்கட தொழில் என்னத்துக்காகும்?"

"ஆர் எண்டு கேட்டான். ஓராளைக் குடுக்காட்டிப் போகமாட்டான். என்னட்ட இருந்த ஆள் நான் மட்டும்தான்" என்றார். பிறகு மீன் விலையைப் பற்றிப் பேசத் தொடங்கினார். நான் கடைக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். மூர்த்திக்காக அவர்மேல் எனக்கிருந்த கோபம் முழுக்கப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். மூர்த்திக்கு இந்த ஆள் கிடைக்கவில்லையே என்ற எண்ணம் இப்போதும் வரும். ஆனால் அந்த மனிதரில் எனக்கு அன்றைக்கு உண்டான பட்சம் பிறகு குறையவில்லை.

தொழில் குறைந்தது. நட்டுப் பூட்டத் தெரியாதவன் என்று ஓட்டோக்காரர்கள் பேசினார்கள், நேசன் போகிற இடமெல்லாம் பேசினான். நான் எங்கேயும் வாய்திறக்கவில்லை, திறந்தால் சாந்தியில் போய் முடியும். அவர் வழமைபோல வெள்ளைச் சேர்ட்டோடு வந்து, பழைய பஸ் சீற்றில் படுத்து நித்திரை கொண்டார். தலைவார வாகனக் கண்ணாடி இல்லாத நாட்களில் என் கடைக்கு வந்து, விற்பனைக்கு வைத்திருந்த கண்ணாடியில் வாரிக்கொண்டு போவார். பிறகு வாழைச்சேனையில் மகள் வீட்டோடு போய்விட்டார். கொட்டில் இருந்த இடத்தில் இப்போது போன் கடை. வேலியும் இல்லை, பொட்டும் இல்லை.

போன வருடம் சாந்தி தனியாக என் கடைக்கு வந்தாள். நேசன் பழைய வேனை விற்று வேறு வேன் எடுத்திருந்தான். அவள் கைப்பைக்குள் இருந்து கறள் பிடித்த ஒரு கொளுக்கியை எடுத்து மேசையில் வைத்தாள்.

"அண்ணன், இதப்போல ஒண்டு இருக்கா?"

"இது கடையில விக்கிற சாமான் இல்ல தங்கச்சி. அவர் வளைச்சது."

"தெரியும்" என்றாள். வாங்குப் பலகையில் உட்கார்ந்தாள். "அண்டைக்கு வந்த வெள்ளிக்கிழமயே எனக்கு விளங்கிற்று. தேசிக்காய் கட்டப்போனா நட்டில டேப் சுத்தியிருக்கு. பக்கத்தில இந்தக் கொளுக்கி. அதுக்கு மறுகா லைட் அணையவே இல்ல. நான் அவருட்டச் சொல்லல்ல. பயம். இவ்வளவு காலமும் அந்த அண்ணனைப் பேசுறதக் கேட்டுக்கொண்டே சோறு போட்டன்."

அழுதாள். நான் தண்ணீர் கொடுத்தேன்.

அன்று பின்னேரமே அவள் நேசனிடம் சொல்லிவிட்டாள். அடுத்த நாள் காலை அவன் புது வேனோடு கடை வாசலில் வந்து நின்றான். பக்கத்தில் சாந்தி. அவன் கை நீட்டவில்லை, கத்தவுமில்லை என்று அவளுடைய முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். "மச்சான், வாழைச்சேனைக்கு வாறியா? அவர்ட வீடு உனக்குத்தான் தெரியும்" என்றான்.

வேன் நின்ற சத்தத்துக்கு அவர் வெளியே வந்தார். மெலிந்திருந்தார். வெள்ளைச் சேர்ட். அந்தக் கொலர் கறை இருக்கிறதா என்று பார்த்தேன், அது வேறு சேர்ட். எங்களைக் காணமுன் வேனைக் கண்டார். நேரே பக்கக் கண்ணாடிக்குப் போய்ச் சீப்பை எடுத்துத் தலைவாரினார். பிறகுதான், "வாங்க, வாங்க" என்றார்.

சாந்திதான் முன்னால் போனாள்.

"அண்ணன், அது நான்தான். தேசிக்காய் கட்ட நான்தான் அந்த நட்டைக் கழட்டின."

"எந்த நட்டு?" என்றார். பிறகு சிரித்தார். "அது வாஷர் பிழை புள்ள. நான் அண்டைக்கே சொன்னன்தானே."

"அண்ணன்" என்றான் நேசன். "எனக்கு எல்லாம் தெரியும். அவளே சொல்லிற்றாள். இனி என்னத்துக்கு அண்ணன் மறைக்கிறீங்க?"

அவர் சிரிப்பை நிறுத்தினார். நேசனை நேராகப் பார்த்தார்.

"அந்த வேலைக்கு ஓராள் எண்டு அண்டைக்கே முடிஞ்சிற்று தம்பி. ரெண்டாம் ஆள் தேவையில்ல" என்றார்.

நேசன் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவர் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு வேன் முகப்புக்குப் போனார். குந்துவதற்குச் சிரமப்பட்டார், நான் தோளைப் பிடித்துக்கொண்டேன். முகப்பில் தேசிக்காய் இல்லை. சாந்தி கைப்பையைத் திறந்து பழைய கொளுக்கியை அவரிடம் கொடுத்தாள். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது கறள். புதுசு வளைக்கவேணும்" என்றார். நேசன் குறடும் கம்பியும் எடுக்க வேனுக்குள் ஓடினான்.

அவர் சாந்தியை நிமிர்ந்து பார்த்தார்.

"எப்ப கட்டுற?"

"வெள்ளிக்கிழம, அண்ணன்."

"எங்க?"

அவள் குனிந்து, முகப்புச் சட்டத்தில் ஓர் இடத்தை விரலால் தொட்டுக் காட்டினாள்.